அம்மாவின் தலையில் ஒரு பள்ளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அண்ணியும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நீ போனை எடுத்தால்தானே! அதனால்தான் பேனாவை எடுத்தேன். போன் மணியை அமுக்கிவிடுவாய், கடிதத்தை என்ன செய்வாய்? பக்கத்து வீட்டுக்கு வந்த உறையையே வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவன் நீ. உன் பெயர் போட்டு வந்ததைப் பிரிக்காமல் விட உன்னால் ஆகாது.

முதலில் கசப்பு மருந்தைக் கொடுத்துவிடுகிறேன், இனிப்பு பிறகு. அம்மா உன்னிடம் போனில் சொன்னது விளையாட்டு இல்லை. அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை காலை, பதிவு அலுவலகத்தில் அம்மாவுக்கும் அவருக்கும் கல்யாணம். கூட்டம் கிடையாது, ஆரவாரம் கிடையாது. கையெழுத்து, சாட்சிகள், ஒரு கேக், அவ்வளவுதான். கேக் என் பொறுப்பு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் வீட்டில் இருந்தே கேக் செய்து கொடுக்கிறவள், பெற்றவள் கல்யாணத்துக்குச் செய்யாமல் இருப்பேனா?

சாட்சிகளில் ஓர் ஆள் என் வீட்டுக்காரர். இன்னோர் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் அம்மா பிடித்து வைத்திருக்கிறாள். யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பெரியவன் மனசு ஒப்பாம நான் பேனாவைத் தொட மாட்டேன்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவரோ, "காத்திருக்கலாம், நமக்கு அது புதுசா?" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். ஆக, தேதி வாங்கியாயிற்று, கேக்குக்கு மாவு வாங்கியாயிற்று. நடப்பதும் நடக்காததும் உன் கையில் இருக்கிறது. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப்போவதில்லை.

"இது எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். அம்மா பதில் சொல்லும் வரைக்குமாவது நின்றிருக்கலாம். நான் அடுக்களையில் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அம்மா அப்போதும் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். உனக்குத்தான் தெரியுமே அவள் வழக்கம். டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராகப் போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் படிந்தது. பேசுகிற இருவரில் ஒருவர் போனை வைத்தால் போர்டில் அவர் பக்கத்து விளக்கு எரியும். இரண்டு பக்கத்து விளக்கும் எரிந்த பிறகுதான் ஆபரேட்டர் இருவரையும் இணைக்கிற கயிற்றைப் பிடுங்க வேண்டும். ஒரு விளக்கை மட்டும் பார்த்துப் பிடுங்கிவிட்டால் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் அவளாக எந்தப் போனையும் வைப்பதில்லை. கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிறவர்கள்கூட இவளிடம் பேசிக் களைத்து அவர்களே வைத்துவிடுகிறார்கள்.

உன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அம்மா உன்னிடம் அவர் பெயரைச் சொன்னாள். பெயரைச் சொன்னால் நம் வீட்டில் யாருக்குத் தெரியும்? அப்பா வைத்த பெயரைச் சொல்லியிருந்தால் உனக்கு உடனே விளங்கியிருக்கும். அண்ணா, அவர் மறுமுனை. "மறுமுனை இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று அப்பா சாப்பிடும்போது கேட்பாரே, அந்த மறுமுனைதான். அம்மா இங்கே போர்டில் இருந்தபோது, துறைமுக ஊர் எக்சேஞ்சில், வெளியூர்ப் பேச்சு போகிற ட்ரங்க் லைனின் அந்தப் பக்கம் இருந்தவர்.

நீ பிறந்த கதை உனக்கு மனப்பாடம். அப்பா லாரியோடு எங்கேயோ இருக்கிறார், எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது. போர்டிலிருந்து அம்மாவின் தோழி அந்தப் பக்கத்துக்குச் சேதி சொல்ல, அந்தப் பக்கத்து ஆள் லாரிக் கொட்டகை, பழுது பார்க்கும் பட்டறை, எண்ணெய்க் கிடங்கு என்று ஒவ்வொன்றாக அழைத்து அப்பாவைத் தேடிப் பிடித்து, "ஆண் குழந்தை, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொன்னாரே, அந்த ஆள் இவர்தான். நீ பிறந்தது அப்பாவுக்கு முன்னால் இவருக்குத் தெரியும். அப்பா மறுநாளே அந்த எக்சேஞ்ச் வாசலுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "குரல் ஆறடி, ஆளு அஞ்சடி" என்றாராம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவரை அப்பா பார்த்திருக்கிறார், அம்மா பார்த்ததே இல்லை. போன வருஷம் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்துக்கு அழைக்க அவர் போன் செய்தார். பெயரைச் சொல்லும் முன்பே, அவர் தொண்டையைச் செருமியதில் அம்மா ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். நேரில் பார்த்ததும் வாசலிலேயே நின்று சிரியோ சிரியென்று சிரித்தாள். அப்பா சொன்ன அளவு ஓர் அங்குலம்கூடத் தப்பவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாயே, அங்கேதான். அப்பா போய் எத்தனையோ வருஷம் கழித்து, அப்பா சொன்ன ஒரு நகைச்சுவையில் ஆரம்பித்தது. இதற்கு மேல் சந்தேகம் இருந்தால் என்னைக் கேள், அம்மாவைக் கேட்காதே. கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சரி, இனி இனிப்பு. இப்போது இந்த வீட்டில் எங்களுக்கு ஒரே வேலை, அம்மாவின் தலைதான்.

எதிர்வீட்டில் அழகுநிலையம் வைத்திருக்கிறவளை உனக்கு நினைவிருக்கும். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். அவளிடம் மணப்பெண் அலங்காரத்துக்குச் சொல்லிவிடட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். "அது ஒரு தடவைதான். அது உங்க அப்பாவோடது. நான் வேலைக்குப் போற மாதிரி போறேன்" என்றாள். கைப்பையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு போகப்போகிறாளோ என்று நினைத்தேன். உள்ளே போய் அந்த எக்சேஞ்ச் படத்தை எடுத்து வந்து என் மாவு மேசையில் வைத்தாள். "இந்தத் தலை வேணும். அந்த மனுஷன் அத்தனை வருஷம் பேசினது இந்தத் தலைகிட்டதான்."

அந்தப் படம் உனக்குத் தெரியும், அம்மா அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்குமே. போர்டின் முன்னால் உயரமான நாற்காலிகளில் மூன்று பெண்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். நடுவில் அம்மா. மூவர் தலையும் ஒரே அச்சு. முன்னால் உப்பிய ஒரு மேடு, நடுவில் வழவழவென்று ஒரு பள்ளம், பின்னால் இன்னொரு மேடு, கழுத்தில் உருட்டிச் செருகிய முடிச்சு. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்கிறது. இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அம்மா, முதல் நாளே ஈரத் தலையைத் துணிக் கிழிசலில் சுற்றிக்கொண்டு படுப்போம், காலையில் எதிர்ப்பக்கமாகச் சீவி உப்ப வைப்போம், கலையாமல் நிற்கச் சர்க்கரைத் தண்ணீர் தடவுவோம் என்றாள். எறும்பு வராதா என்று கேட்டேன். வரும் என்றாள். பள்ளம் எப்படி வந்தது என்று கேட்டேன். "அது தானா வரும்" என்றாள்.

தானாக வருகிற பள்ளத்துக்காக நாங்கள் படுகிற பாட்டைக் கேள். எங்களிடம் துணிக் கிழிசலும் சர்க்கரையும் எதற்கு? சூடாகிச் சுருட்டுகிற கர்லர் இருக்கிறது, டிரையர் இருக்கிறது, தலையில் தானே ஒட்டிக்கொள்ளும் ரோலர்கள் இருக்கின்றன, காற்றிலேயே முடியை விறைக்க வைக்கும் ஸ்பிரே இருக்கிறது. கையில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அறிவு. முதல் நாள் கர்லர், டிரையர், என் கேக் அடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டேன். வீடு முழுக்க இருட்டு. என் வீட்டுக்காரர் ஊர் வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் சரி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்கு வந்து பார்த்தால், பாதித் தலை சுருண்டும் பாதித் தலை தொங்கியும் மாமியார் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். மனுஷன் ஃபியூஸைப் போட்டுவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு கருவிதான் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்.

அடுத்த முயற்சி என் சொந்த மூளை. அம்மாவுக்கு இப்போது முடி கொஞ்சம்தானே, மேடு நிற்கவில்லை. உள்ளே ஏதாவது வைத்துத் தூக்கலாம் என்று பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றை (புதுசுதான், பயப்படாதே) இரண்டாக வெட்டி வைத்து, மேலே முடியை வழித்து, ஸ்பிரே அடித்து நிறுத்தினேன். அசல் படமே மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மறுமுனை வந்தார். அம்மாவைப் பார்த்ததும் "தெளிவா இருக்கு" என்றார். அவர் எதைப் பாராட்டினாலும் லைனைப் பாராட்டுகிற மாதிரிதான் பாராட்டுவார். அம்மாவுக்கு வெட்கம், குனிந்து தேநீரை நீட்டினாள். பச்சையும் மஞ்சளுமாகப் பஞ்சு நழுவி அவர் தட்டில் விழுந்தது. யாருடைய கைக்குட்டையோ கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கிற மாதிரி, அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, அம்மாவிடம் கொடுத்தார். அண்ணா, அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அவருக்குத் தலை அலங்காரக் கவலையே இல்லை. அவர் தலையைத் துணியால் துடைத்தால் போதும்.

கடைசியில் எதிர்வீட்டுக்காரியையே கூப்பிட்டோம். அவள் படத்தை உற்று உற்றுப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே பள்ளம் இருப்பதால் இது அந்த வருஷத்து ஃபேஷன்தான், சந்தேகமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். போனில் எத்தனையோ வீடியோ தேடினாள், இரட்டை மேடு எங்கேயும் கிடைக்கவில்லை. கிளிப் போட்டு அழுத்தினால் கிளிப்பின் பல் தெரிகிறது. ஹேர்பேண்ட் போட்டால் கோடு விழுகிறதே தவிரப் பள்ளம் விழவில்லை. கேக்கில் ஐசிங் தடவும் என் கரண்டியைக்கூட வைத்து அழுத்திப் பார்த்துவிட்டோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிகிறது தினமும்.

அங்கே நல்ல கருவி ஏதாவது கிடைத்தால் அனுப்பு. அனுப்ப முடியாவிட்டால் நீயே வா. முடியைக் கட்டி மலையை இழுத்துப் பார்க்கிறேன், வந்தால் மலை, போனால் முடி. மலை யார் என்று உனக்கே தெரியும்.

அண்ணிக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம்.

உன் மீது கோபம் பாதி தீர்ந்த,
தங்கை


அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பெட்டி வந்தது. கடிதம் வரவில்லை.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதுமே அம்மா மேலே எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, "பெரியவன் எழுத்து" என்றாள். அண்ணி எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். கோழி கிளறின மாதிரி இருந்ததால் எனக்கும் சந்தேகம் இல்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த காகிதத்தையெல்லாம் ஒவ்வொன்றாக உதறினாள். அட்டையின் மடிப்பைக்கூட விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருவியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். "ஈரக் கையால் தொடாதீர்கள். பயன்படுத்தாதபோது பிளக்கைக் கழற்றி வைக்கவும்." இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு என்னிடம், "பாரு, எவ்வளவு அக்கறையா சொல்லியிருக்கான்" என்றாள். அது கருவி செய்த கம்பெனி எழுதியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்றால் வந்திருக்குமா?

நல்ல சாமானாகத்தான் அனுப்பியிருக்கிறாய். சீப்பும் டிரையரும் ஒன்றாகச் சேர்ந்து, சுற்றச் சுற்றக் காற்றும் அடிக்கிறது, முடியும் உப்புகிறது. பிளக் மட்டும் இந்த வீட்டு ஓட்டைக்கு நுழைய மாட்டேன் என்றது. அங்கே இருந்து வருகிற எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பிடிவாதம் இருக்கும்போல. என் வீட்டுக்காரர் கால் மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பி ரசித்துவிட்டு வேறு பிளக் மாட்டிக் கொடுத்தார். "மச்சானுக்கு ரசனை இருக்கு" என்று சான்றிதழும் கொடுத்தார். உனக்குத் தெரியும், அவர் சுலபமாக யாருக்கும் கொடுக்கிறவர் இல்லை.

இனிமேல்தான் கதை. உட்கார்ந்து படி.

உன் கருவியின் குணம் தங்கம், குரல் மட்டும் மாவு மில். அம்மாவின் காது பாட்டு வாத்தியார் காது மாதிரி, அவ்வளவு நுணுக்கம். வாழ்நாள் முழுக்கக் காதால் சம்பாதித்தவள் அல்லவா? தலைக்குப் பக்கத்தில் அது இரைந்ததும், "நிறுத்து நிறுத்து" என்று எழுந்து போய்விட்டாள். காதில் அடைக்கப் பஞ்சு தேடப் போகிறாளோ என்று பார்த்தேன். உன் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தலையில் உன் ஹெட்செட்.

முதல் வேலையில், கால் சென்டரில், போட்டுக்கொண்டு, யார் யாரோ திட்டுவதையெல்லாம் "மன்னிக்கணும் ஐயா" என்று கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்தக் கறுப்பு ஹெட்செட். நீ கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். அம்மா அதை இன்னும் அந்த ஆணியிலேயே வைத்திருக்கிறாள். வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி, வாரம் தவறாமல் துடைக்கிறாள். "சத்தம் கேக்காது, இப்ப நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எனக்கு எரிச்சல். வேலை செய்ய வேண்டிய இடத்தின் நடுவே பட்டை போகிறது. முன்னால் ஒரு பக்கம் சுருட்டுகிறேன், பட்டை இடிக்கிறது. பின்னால் சுருட்டுகிறேன், பட்டை இடிக்கிறது. இது என்ன தொல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக உப்பவைத்து, ஸ்பிரே அடித்து முடித்தேன். எதிர்வீட்டுக்காரி வேறு வாசற்படியில் நின்று எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அந்தச் சனியனை இப்பவாவது கழட்டித் தொலை" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் மெதுவாகத் தூக்கி எடுத்தாள்.

அண்ணா, பள்ளம்!

வழவழவென்று, ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை, படத்தில் இருக்கிற அதே பள்ளம். எதிர்வீட்டுக்காரி அவள் ஆயுளில் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் நின்றாள். நான் ஓடிப்போய்ப் படத்தை எடுத்து அம்மா தலைக்குப் பக்கத்தில் பிடித்தேன். முடியின் நிறம்தான் வேறு, மற்றதெல்லாம் அச்சு. அம்மா கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மடியில் இருந்த ஹெட்செட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அடியே, மூணு பேருக்கும் ஒரே ஃபேஷன் இல்லடி. மூணு பேருக்கும் ஒரே வேலை!"

அப்புறம்தான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. படம் பிடிக்க வந்தவர், முகம் மறைகிறது, தலையில் மாட்டியிருக்கிற ஹெட்செட்டைக் கழற்றுங்கள் என்றாராம். லைன் காத்துக்கொண்டிருக்கிறதே என்று மூன்று பேரும் அரை மனதோடு கழற்றி மடியில் மறைத்து வைத்தார்களாம். அவர் படத்தைப் பிடித்ததும் உடனே மாட்டிக்கொண்டார்களாம். காலையில் வீட்டிலிருந்து போகும்போது ஒரே மேடாகத்தான் இருக்கும், சாயங்காலம் வரும்போது இரண்டாகியிருக்கும், அப்பா அதைப் பார்த்து "உன் தலையில தண்டவாளம் ஓடுது" என்பார் என்றாள். பக்கவாட்டில் தன் தலை எப்படி இருக்கும் என்று எந்த மனுஷி பார்த்தாள்? தானாக வரும் என்று அவள் சொன்னது பொய்யே இல்லை. ஒரு ஃபியூஸ், ஒரு பஞ்சு, ஒரு ஐசிங் கரண்டி, உலகத்து வீடியோ எல்லாம் போட்டுத் தேடியது, உன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரி இதை ஒரு புது அலங்காரம் என்று அவள் கடைப் பலகையில் எழுதப் போகிறாளாம். எழுதட்டும், பிழைக்கட்டும்.

சிரித்து ஓய்ந்த பிறகு அம்மா ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். வயர் எதிலும் சேராமல் மடியில் கிடக்கிறது. கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் போர்டுக் குரலில் "எந்த ஊர் வேணும்?" என்று கேட்டாள். நாங்கள் கைதட்டினோம். அவளே பதிலும் சொன்னாள். உன் ஊரைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். விளையாட்டுத்தான் என்று நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அவள் காத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கழற்றி வைத்துவிட்டு, தேநீர் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அடுக்களைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை வெகு நேரம் தேடினேன், அது என் கண் முன்னாலேயே இருந்தது.

உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் அவள். நான் ஒன்றும் அரிச்சுவடி காலத்தைச் சொல்லவில்லை. அந்த முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும் முன்பு, குரலில் சிரிப்பு இருந்தால் திட்டுகிறவனும் தணிவான் என்று நாற்காலியை எதிர் எதிராகப் போட்டு உன்னை உட்கார வைத்து, கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி அவளே உன்னைத் திட்டிப் பழக்கினாளே, மறந்துவிட்டதா? இப்போது உன் வீட்டுச் சோறு அந்தக் குரலில்தான் வேகிறது. அதே குரலில் அவளை ஒரு கேள்வி கேட்டாய். சரி, அதை விடுகிறேன். பெட்டி அனுப்பினவனிடம் இன்னும் சண்டை போட்டால் எனக்கே நன்றாக இல்லை.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். இந்தப் பள்ளம் சீக்கிரம் தூர்ந்துவிடுகிறது. அம்மாவின் முடி முன்போல அடர்த்தி இல்லை. ஹெட்செட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு மேடும் சரிந்து ஒன்றாகிவிடுகின்றன. அதனால் வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஹெட்செட்டோடுதான் கிளம்பப்போகிறாள். காரிலும் அதோடுதான் உட்காருவாள். பதிவு அலுவலக வாசலில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். தெருவில் பார்க்கிறவர்கள் கிழவி பாட்டுக் கேட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறாள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

அதைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து, நேராக மேலே தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் மேடு போய்விடும். நாங்கள் எல்லோரும் பழகிப் பார்த்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கை முரடு, மின்கம்பத்தில் ஏறுகிற கை. எனக்கு அன்றைக்கு இரண்டு கையிலும் கேக் பெட்டி இருக்கும். மறுமுனை மிகவும் ஆசையாகத்தான் முன்வந்தார், ஆனால் அம்மா நின்றால் அவருக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறட்டுமா என்று கேட்டார். கல்யாண மாப்பிள்ளையைப் பதிவு அலுவலக வாசலில் முக்காலி மேல் ஏற்ற முடியுமா, நீயே சொல்.

உயரமான ஆள் ஒருவர் வேண்டும். கை பதறாமல், அம்மாவின் தலையைப் பார்த்துப் பழகிய ஆளாக இருந்தால் நல்லது. அந்த ஹெட்செட்டின் சொந்தக்காரராகவே இருந்துவிட்டால் இன்னும் நல்லது. சாட்சிக் கையெழுத்து, பேச்சு, விளக்கம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். தூக்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் போதும். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அறையில் படுக்கை விரித்தாயிற்று. நான் விரிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது விரித்திருந்தது.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அம்மா எழுத வேண்டுமாம்.

அண்ணிக்கும் குட்டிக்கும் அன்பு. கேக்கில் உனக்குப் பிடித்த ஆரஞ்சுத் தோல் போடுகிறேன், அம்மாவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

கோபம் முழுவதும் தீர்ந்த,
தங்கை


என் மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் தங்கை விட்ட இடம் சின்னது, அவள் பேசியது போக மிச்சம் எனக்கு எப்போதும் இவ்வளவுதான்.

கருவி நன்றாக வேலை செய்கிறது. ஈரக் கையால் தொடுவதில்லை. பிளக்கைக் கழற்றித்தான் வைக்கிறேன்.

நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. உன் அப்பாவுக்காகக் கேட்டாய். அவருக்காகக் கேட்க ஒரு பிள்ளை இருக்கிறான் என்று அன்றைக்கு எனக்கு வருத்தத்தோடு சந்தோஷமும் இருந்தது. அவர் இருந்திருந்தால் உன்னை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியிருப்பார்.

குளிர் அதிகம் என்று மருமகள் சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. குட்டியை அடிக்காதே. நீங்கள் மூவரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

அன்றைக்கு உன் பக்கத்து விளக்கு எரிந்துவிட்டது. என் பக்கத்தில் இன்னும் எரியவில்லை, கண்ணா. நான் கயிற்றைத் தொடவில்லை.

லைனில் இருக்கும்,
அம்மா